முதல் ரீல்

எட்வின் எஸ். போர்ட்டர் 1903-ல் எடிசன் கம்பெனிக்காக எடுத்த 'தி கிரேட் ட்ரெயின் ராபரி' ஏறக்குறையப் பன்னிரண்டு நிமிஷம் ஓடுகிற படம். ரயிலை மறித்துக் கொள்ளையடிக்கிறார்கள், குதிரையில் தப்புகிறார்கள், துரத்தி வந்தவர்களால் சுடப்பட்டுச் சாகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு கதையின் எந்த இடத்தோடும் ஒட்டாத ஒரு ஷாட் வருகிறது. கொள்ளைக்காரர்களின் தலைவன் மார்பளவு உருவமாக நம் நேர் எதிரே நிற்கிறான், துப்பாக்கியை உயர்த்துகிறான், நம்மைப் பார்த்துச் சுடுகிறான். எடிசன் கம்பெனியின் விற்பனைப் பட்டியலில் இந்த ஷாட்டைப் பற்றி ஒரு குறிப்பு இருந்தது: இதைப் படத்தின் தொடக்கத்திலும் காட்டலாம், முடிவிலும் காட்டலாம், கொட்டகைக்காரரின் இஷ்டம்.

இந்தக் குறிப்பைப் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். முதலில் ஒட்டினால் அது ஒரு மிரட்டல். இன்ன மாதிரி மனிதர்கள், இன்ன மாதிரிக் கதை என்று சொல்லிவிடுகிறது. அடுத்து வருகிற தந்தி ஆபீஸ் காட்சியில் கதவு திறப்பதைக்கூட ஒரு பயத்தோடுதான் பார்ப்போம். கடைசியில் ஒட்டினால், வீட்டுக்குக் கிளம்பிவிட்டவனை வாசலில் நிறுத்திப் பூச்சாண்டி காட்டுகிற மாதிரி. ஒரே துண்டு ஃபிலிம்தான். எந்தப் பக்கம் ஒட்டுவது என்று முடிவு செய்தவன் ப்ரொஜெக்டர் பக்கத்தில் நின்றவன், ஊருக்கு ஊர் வேறு ஆள். அன்று சினிமாவுக்கு ஆரம்பம் என்ற ஒன்று கிடையாது. ரீல் சுற்ற ஆரம்பிப்பதால் படம் ஆரம்பித்தது, அவ்வளவுதான்.

ஆரம்பக் காட்சியின் வேலை என்ன என்று கேட்டால் திரைக்கதை எழுதக் கற்றுக்கொடுக்கும் புத்தகங்கள் மூன்றைச் சொல்லும்: இவன் யார், இது எந்த வகைக் கதை, இதன் மனநிலை என்ன. தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த மூன்றுக்கும் முன்னால் இன்னொன்று நடந்துவிடுகிறது, அதைப் பற்றி அவை பேசுவதில்லை. அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு நாம் யாராக இருக்கப் போகிறோம் என்பதைப் படம் தீர்மானித்துவிடுகிறது. எங்கே நின்று பார்க்கிறோம், எவ்வளவு தெரிந்துகொள்ள நமக்கு அனுமதி, தெரிந்துகொள்வதற்கு என்ன விலை ஆகியவை முதல் ரீலில் முடிவாகிவிடுகின்றன. பாத்திரமும் வகையும் மனநிலையும் அந்த இடத்திலிருந்து பார்க்கத் தெரிகிறவைதாம். நண்பர்களிடம் இதைச் சொன்னபோது 'உத்தி சமாசாரம்' என்று ஒதுக்கிவிட்டார்கள். நாவலில் கதையை யார் சொல்கிறார்கள் என்பதை உத்தி என்று ஒதுக்காதவர்கள், சினிமாவில் யார் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் ஏன் ஒதுக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

மௌனப் படங்கள் ரொம்ப நாள் இந்தக் கேள்விக்குள் போகாமல் சமாளித்து வந்தன. எழுத்து அட்டை வரும். அதில் பாத்திரத்தின் பெயரும் குணமும் இருக்கும். பிறகு ஆள் வருவான். க்ரிஃபித்தின் 'இன்டாலரன்ஸ்' (1916) படத்தின் நவீன காலக் கதையில் முக்கியப் பாத்திரங்களுக்குச் சொந்தப் பெயர்கூடக் கிடையாது. 'அருமையானவள்', 'பையன்' என்றுதான் அட்டை அறிமுகப்படுத்துகிறது. நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்கிற காரியத்தை அங்கே அட்டை செய்தது எனலாம். ஒரு வித்தியாசம்: கட்டியங்காரன் கேலி செய்வான், ராஜாவையே மடக்கிக் கேள்வி கேட்பான், அவன் சொல்வதை நாம் நம்ப வேண்டிய அவசியமில்லை. அட்டைக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. நல்லவள் என்று எழுதியிருந்தால் நல்லவள்தான்.

பேச்சு வந்த பிறகு அட்டை சொன்னதைப் பாத்திரங்களே வாயால் சொல்லிக்கொள்ளத் தொடங்கின. பெரும்பாலான படங்களில் இன்றுவரை அப்படித்தான். விதிவிலக்குகளில் முதலில் நினைவுக்கு வருவது ஃப்ரிட்ஸ் லாங் 1931-ல் ஜெர்மனியில் எடுத்த 'எம்'. அவருடைய முதல் பேசும் படம். இருட்டில் ஆரம்பிக்கிறது. எதுவும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே ஒரு சிறுமியின் குரல், கொலைகாரன் ஒருவன் வரப்போவதைப் பற்றி விளையாட்டாகப் பாடுகிறது. பிறகு மேலேயிருந்து ஒரு முற்றம், வட்டமாக நிற்கும் குழந்தைகள். பாட்டு யார் மேல் முடிகிறதோ அந்தக் குழந்தை வெளியே போக வேண்டும். இங்கே இங்கி பிங்கி பாங்கி போடுவது போல. ஒரு பெண்பிள்ளை அந்தக் கண்றாவிப் பாட்டை நிறுத்தச் சொல்லி அதட்டுகிறாள். அவள் தலை மறைந்ததும் பாட்டு மறுபடி ஆரம்பமாகிறது.

அடுத்து, துணி துவைத்துக்கொண்டிருக்கும் ஒரு தாய். மத்தியானம், சுவர்க் கடிகாரம் அடிக்கிறது. பள்ளிக்கூடம் விட்டிருக்கும் என்று அவள் முகம் மலர்கிறது. மகளுக்குத் தட்டு வைக்கிறாள். தெருவில் அந்த மகள், எல்ஸி, பந்தைத் தட்டிக்கொண்டே வருகிறாள். விளம்பரம் ஒட்டும் உருளைத் தூண் ஒன்றில் பந்தை அடித்து விளையாடுகிறாள். தூணில், குழந்தைகளைக் கொன்றவனைப் பிடித்துக் கொடுத்தால் பத்தாயிரம் மார்க் பரிசு என்று போலீஸ் நோட்டீஸ். அதன் மேல் தொப்பி அணிந்த ஒரு நிழல் விழுகிறது. பந்து அழகாயிருக்கிறது என்று ஒரு குரல். அப்புறம் ஒரு குருட்டு வியாபாரியிடம் அவளுக்கு பலூன் வாங்கிக் கொடுக்கிறான், க்ரீக்கின் ஒரு மெட்டைச் சீழ்க்கையடித்துக்கொண்டே. முகம் நமக்குக் காட்டப்படவில்லை. தாய் மறுபடி கடிகாரத்தைப் பார்க்கிறாள். மாடிப்படியில் காலடிச் சத்தம், ஆனால் வேறு குழந்தைகள். எல்ஸி என்று கூப்பிடுகிறாள். அவள் குரல் கேட்க, நாம் பார்ப்பது: ஆளில்லாத மாடிப்படிக் கிணறு, துணி உலரும் பரண், சாப்பிடாத தட்டு. புதரிலிருந்து பந்து உருண்டு வந்து நிற்கிறது. பலூன் தந்திக் கம்பியில் சிக்கித் தவித்துப் பின் காற்றில் போய்விடுகிறது.

கொலையும் இல்லை, கொலைகாரனும் இல்லை. நிழல், தொப்பி, சீழ்க்கை இவ்வளவே. இதைப் பொதுவாக லாங்கின் கட்டுப்பாடு என்று பாராட்டுவார்கள். அது சரிதான், ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தாய்க்குத் தெரியாததும் குழந்தைக்குத் தெரியாததும் நமக்குத் தெரிகிறது. தெரிந்தும் செய்வதற்கு ஒன்றுமில்லை. கடிகாரத்துக்கும் தெருவுக்கும் இடையே அந்தக் கையாலாகாத இடத்தில் நம்மை நிறுத்திவிட்டுத்தான் லாங் கதையைத் தொடங்குகிறார். பிற்பாடு திருடர்களும் பிச்சைக்காரர்களும் கூடி அந்த மனிதனைப் பிடித்து ஒரு பாழடைந்த சாராய ஆலையில் விசாரணை நடத்தும்போது, தன்னால் அடக்க முடியவில்லை என்று அவன் அலறுகிறான். பீட்டர் லோரியின் அந்த முகத்தைப் பார்த்து இரங்காமல் இருக்க முடியாது. இரங்கவும் முடியாது, மாடிப்படிக் கிணறு நினைவில் இருக்கிறது. முதல் ரீல் வேறு மாதிரி இருந்திருந்தால் அது ஒரு சாமர்த்தியமான போலீஸ் கதையாக முடிந்திருக்கும்.

ஆர்ஸன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' (1941) பற்றி ஏராளமாக எழுதியாயிற்று. உள்ளே வரக்கூடாது என்ற பலகை தொங்கும் கம்பி வேலியில் காமிரா ஏறி உள்ளே போகிறது. ஷாட் மாற மாற, விளக்கெரியும் அந்த ஜன்னல் மட்டும் திரையில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறது. பனி கொட்டும் கண்ணாடிக் குண்டு, உதடுகள், ஒரு சொல், சாவு. மூச்சு விடுவதற்குள் எக்காளத்தோடு நியூஸ் ரீல் ஒன்று வந்து செத்தவனின் சரித்திரம் முழுவதையும் ஒன்பது பத்து நிமிஷத்தில் ஒப்பித்துவிடுகிறது. இரண்டு ஆரம்பங்கள். அத்துமீறி நுழைந்த முதலாவதில் கிடைத்தது ஒரு சொல். இரண்டாவதில் எல்லா விவரமும் இருக்கிறது, ஆள் இல்லை. ஒரு மனிதனை ஐந்து நிமிஷத்தில் ஸ்தாபித்துவிட முடியும் என்ற நம்பிக்கையையே கேலி செய்கிற ஆரம்பம் இது. இதற்குப் பிறகும் அந்த நம்பிக்கை செழிப்பாகத்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.

செத்தவனை முதலில் காட்டுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. பில்லி வைல்டர் 'சன்செட் புலவார்ட்' (1950) படத்தை முதலில் பிணவறையில் ஆரம்பித்திருந்தார். துணி போர்த்திக் கிடக்கும் பிணங்கள் தாங்கள் செத்த கதையை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும், கதாநாயகனும் அவர்களில் ஒருவன். இல்லினாய் மாநிலத்தில் எவன்ஸ்டன் என்ற ஊரில் வெள்ளோட்டம் விட்டபோது ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். அந்தக் காட்சியை எடுத்தெறிந்துவிட்டு நீச்சல் குளத்தில் குப்புற மிதக்கும் பிணத்தோடு ஆரம்பித்தார். விஷயம் அதேதான்: செத்தவன் கதை சொல்கிறான். முதலில் சிரித்தார்கள், பிறகு யாரும் சிரிக்கவில்லை. பிணவறையில் நாம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். குளத்தில், தண்ணீருக்கு அடியில், பிணத்துக்குக் கீழே நம்மை வைத்துவிட்டார் வைல்டர். திறந்த கண்களும் மேலே நின்று எட்டிப் பார்க்கும் போலீஸ்காரர்களும் அங்கிருந்துதான் தெரிகிறார்கள். தொட்டியின் அடியில் ஒரு கண்ணாடியை வைத்து அதில் விழுந்த பிம்பத்தைப் படமெடுத்தார்களாம். காமிரா நனையவில்லை.

தமிழில் இந்தத் துணிச்சல் ஒருமுறை நடந்தது. எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்' 1954 ஏப்ரலில் வெளிவந்தது. ஒரு துப்பாக்கிச் சத்தம். சிவாஜி கணேசன் செத்து விழுகிறார். சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த 1943 அக்டோபரில் கதை. பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்கு ஓடுகிறார், விசாரணை ஆரம்பமாகிறது. பாட்டு கிடையாது, நடனம் கிடையாது. அகிரா குரோசவாவின் 'ரஷோமான்' பாதிப்பு, பாட்டில்லாத முதல் தமிழ்ப்படம் என்றெல்லாம் பாராட்டுகிறவர்கள் அந்த முதல் நிமிஷத்தைச் சாதாரணமாகக் கடந்துவிடுகிறார்கள். 'பராசக்தி' வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அந்தக் குரலைக் கேட்பதற்காக டிக்கெட் வாங்கியவனிடம் படம் சொல்கிறது: நீ பார்க்க வந்தவன் போய்விட்டான், இனி மற்றவர்கள் அவனைப் பற்றிச் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். ரசிகனாக வந்தவனை ஒரே நொடியில் சாட்சிகளை எடைபோடும் ஜூரியாக மாற்றுவது. படம் அன்று நன்றாக ஓடவில்லை.

இதற்கு நேர் எதிர்த் திசையில் இருப்பதுதான் நம் வழக்கமான கதாநாயகப் பிரவேசம். கால் தெரியும், கை தெரியும், முதுகு தெரியும், முகம் கடைசியில். இதை நையாண்டி செய்வது சுலபம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் இது ஹாலிவுட்டிலிருந்து வந்ததல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. கூத்தில் இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, பின்னால் வேஷக்காரர் பாடுவார், கிரீடத்தின் உச்சி தெரியும், சலங்கை கேட்கும், திரை விலகக் காலமாகும். வருவது துரியோதனன் என்று அத்தனை பேருக்கும் தெரியும். அங்கே அறிமுகம் என்பதே இல்லை, ஏற்கனவே தெரிந்தவனை மறுபடி கண்டுகொள்ளும் சந்தோஷம்தான். சுரேஷ் கிருஷ்ணாவின் 'அண்ணாமலை' (1992) படத்தில் ரஜினிகாந்தின் பட்டம் எழுத்து எழுத்தாகத் திரையில் வந்து நின்றதே, அது அந்தப் பிடிதிரைதான், புள்ளி வெளிச்சத்தில். வித்தியாசம் ஒன்று உண்டு. கூத்துத் திரைக்குப் பின்னாலிருந்து வருகிறவன் விடிவதற்குள் தொடை பிளந்து சாகப்போகிறவன்.

திரை என்றதும் நிஜமான திரை ஒன்று ஞாபகம் வருகிறது. அமெரிக்கத் தியேட்டர்களில் வெகு நாள்வரை டைட்டில்கள் ஓடும்போது துணித்திரை மூடியேதான் இருக்கும். பெயர்களெல்லாம் அந்தத் துணியின் மடிப்புகளில் விழுந்து நெளியும். கதை தொடங்கும்போது திரை விலகும். பெயர்ப் பட்டியலை யாரும் பார்க்கத் தேவையில்லை என்பதுதான் எண்ணம். 1955-ல் ஆட்டோ ப்ரெமிஞ்சரின் 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' ஃபிலிம் டப்பாக்களின் மேல், டைட்டிலுக்கு முன்பே திரையை விலக்கிவிடும்படி ஆபரேட்டர்களுக்கு ஒரு சீட்டு ஒட்டி அனுப்பினார்கள். டைட்டிலைச் செய்தவர் ஸால் பாஸ். கறுப்பில் வெள்ளைக் கட்டங்கள் வந்து வந்து நகர்கின்றன, எல்மர் பெர்ன்ஸ்டீனின் ஜாஸ். கடைசியில் அந்தக் கட்டங்கள் கோணல்மாணலான ஒரு கையாக முறுக்கிக்கொள்கின்றன. போதைப் பழக்கத்தில் மாட்டிக்கொண்டவனின் கை. சினிமாவுக்குத் தன் ஆரம்பம் எது என்று ஒரு சீட்டு ஒட்டிச் சொல்ல வேண்டியிருந்தது 1955-ல்!

பாஸின் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. 'வெர்ட்டிகோ'வில் (1958) ஒரு பெண்ணின் கண்ணுக்குள்ளிருந்து சுருள் சுருளாகச் சுழன்று வருவது நினைவை விட்டுப் போகாது. ஆனால் அதில் படத்தின் உண்மையான ஆரம்பம் அதற்கு அடுத்தது என்பேன். கூரை மேல் துரத்தல். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் வழுக்கி மழைநீர்த் தகரத்தைப் பிடித்துத் தொங்குகிறார். காப்பாற்ற வந்த போலீஸ்காரர் விழுந்து சாகிறார். அடுத்த காட்சியில் ஸ்டூவர்ட் ஒரு ஸ்நேகிதியின் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். எப்படி இறங்கினார்? படம் கடைசிவரை சொல்வதில்லை. பலர் கவனித்திருக்கிற விஷயம்தான் இது. சுருள் அழகாகச் சொன்னதை இந்த இடைவெளி சொல்லாமலே செய்துவிடுகிறது. பாஸுக்குப் பிறகு டைட்டில் ஒரு தனிக் கலையாகி, படத்தை விட்டுப் பிரிந்து, தானே ஒரு சின்னப் படமாக ரசிக்கப்படுகிற நிலைமை வந்தது. 2017-லிருந்து நெட்ஃப்ளிக்ஸில் இந்த முன்பகுதியைத் தாண்டிப் போக ஒரு பொத்தான் வைத்துவிட்டார்கள். 1903-ல் ஆபரேட்டரிடம் இருந்த அதிகாரம் பார்ப்பவனின் கட்டைவிரலுக்கு வந்திருக்கிறது.

மனநிலை என்று எதைச் சொல்கிறோம் என்பதற்கு வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' (1958) போல ஒரு சாட்சி கிடைக்காது, ஏனென்றால் அதற்கு இரண்டு ஆரம்பங்கள் பிழைத்திருக்கின்றன. மெக்ஸிகோ எல்லை ஊர், இரவு. ஒரு கை வெடிகுண்டின் கடிகாரத்தைத் திருகுகிறது. காரின் பின்பெட்டியில் வைக்கிறது. காமிரா மேலே ஏறி, கட்டிடங்களைத் தாண்டி, காரையும் தெருவில் நடந்து போகும் புதுத் தம்பதியையும் மாறி மாறிப் பிடித்துக்கொண்டு, வெட்டே இல்லாமல் மூன்று நிமிஷத்துக்கு மேல் போகிறது. எல்லையைத் தாண்டியதும் தம்பதி முத்தமிடக் குனியும்போது வெடிக்கிறது. வெளியான படத்தில் யூனிவர்ஸல் ஸ்டூடியோ இதன் மேல் பெயர்களை ஓட்டி, ஹென்றி மான்சினியின் இசையையும் போட்டிருந்தது. படத்தைத் தம் கையிலிருந்து எடுத்துக்கொண்ட ஸ்டூடியோவுக்கு வெல்ஸ் 1957-ல் ஐம்பத்தெட்டுப் பக்கம் ஒரு குறிப்பு எழுதினார். அதை வைத்துக்கொண்டு வால்டர் மர்ச் 1998-ல் மறுபடி எடிட் செய்தபோது பெயர்கள் போயின, அந்த இசையும் போயிற்று. மதுக்கடைகளிலிருந்து வழியும் வெவ்வேறு பாட்டுகள், கார் ரேடியோ, ஆடு மாடுகள், தெருச் சத்தம்.

ஷாட் அதேதான், ஒரு அங்குலம் கூடக் கூட்டவில்லை. மான்சினியின் தாளத்தோடு பார்க்கும்போது இது துப்பறியும் கதை, குண்டு வெடிக்கும், காத்திருக்கிறோம். இசை நமக்கு வகையைச் சொல்லிவிட்டது. அது இல்லாதபோது கார் நெருங்கினால் அதன் ரேடியோ பெரிதாகக் கேட்கிறது, தள்ளிப் போனால் தேய்கிறது. குண்டு எங்கே இருக்கிறது என்பதைக் காதால் தேட வேண்டியிருக்கிறது. ஒரு ஊருக்குள் இறங்கிவிட்டோம். வெல்ஸ் சொன்னதற்காக இரண்டாவதுதான் உயர்ந்தது என்று சொல்பவர்கள் உண்டு. மான்சினியின் இசையும் மோசமில்லை. அதில் ஒரு மலிவான வெறி இருக்கிறது, படத்துக்கும் அது பொருந்தாமல் இல்லை. ஆனால் ஒரு முறை ரேடியோவைத் தேடிக் காதைத் தீட்டியவனுக்குப் பழையபடி உட்கார்ந்திருப்பது கஷ்டம். ஸெர்ஜியோ லியோனே பத்து வருஷம் கழித்து 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்' (1968) ஆரம்பத்தில் ஒரு ரயில் நிலையத்தில் மூன்று பேரைக் காத்திருக்க வைத்து, கிரீச்சிடும் காற்றாலையையும் ஈயையும் தொப்பியில் சொட்டும் தண்ணீரையும் மட்டும் கேட்கவிட்டதும் இந்த வித்தைதான். அந்த மூவரையும் அவ்வளவு நேரம் பழக்கிவிட்டு ரயில் வந்ததும் சுட்டுத் தள்ளிவிடுகிறார்.

கடைசியாக இரண்டு ஜன்னல்கள். முதலாவது ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' (1954), 'அந்த நாள்' வந்த அதே வருஷம். டைட்டிலின்போது மூங்கில் தட்டிகள் ஒவ்வொன்றாகத் தாமே மேலே சுருளுகின்றன. காமிரா ஜன்னலுக்கு வெளியே போய்ப் பின்கட்டு முற்றத்தைச் சுற்றிவிட்டு வந்து வியர்த்த ஒரு நெற்றியில் நிற்கிறது. வெப்பமானி தொண்ணூறுக்கு மேல். மறுபடி வெளியே: சவரம் செய்துகொள்ளும் பாட்டுக்காரர், இரும்பு மாடிப்படியில் படுக்கை போட்ட தம்பதி, உடற்பயிற்சி செய்யும் நடனக்காரி. மறுபடி உள்ளே: மாவுக்கட்டுப் போட்ட கால், கட்டின் மேல் கிண்டலாக எழுதிய வாசகம், நொறுங்கிய காமிரா, பந்தயக் கார் சிதறி அதன் சக்கரம் நம்மை நோக்கிப் பறந்து வரும் ஒரு புகைப்படம், சட்டம் போட்ட ஒரு பெண்முகத்தின் நெகடிவ், அதே முகம் நேர்ப்படமாக அட்டையில் அச்சான பத்திரிகைகள். யாரும் ஒன்றும் விளக்கவில்லை. தொழில், விபத்து, சுபாவம், ஒருத்தியை அவன் எப்படிப் பார்க்கிறான் என்பது, எல்லாம் வந்துவிட்டது. பாத்திரத்தை ஸ்தாபிப்பதற்கு உதாரணமாக வகுப்புகளில் இதைக் காட்டுவது நியாயமே.

வகுப்புகளில் தவறவிடுகிற ஒன்று: அந்த மனிதன் தூங்கிக்கொண்டிருக்கிறான், முதுகு ஜன்னல் பக்கம். முற்றத்தை எட்டிப் பார்த்தது அவன் அல்ல. அடுத்தவன் வீட்டை வேவு பார்க்கிறாயே என்று அவனைப் பின்னால் பெண்கள் கண்டிக்கும்போது, அந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தது நாம்தான் என்பதைப் படம் ஞாபகப்படுத்துவதில்லை, ஞாபகப்படுத்த வேண்டியதும் இல்லை. ஆறு வருஷம் கழித்து 'சைக்கோ'வில் (1960) இது இன்னும் கூச்சமில்லாமல் நடக்கிறது. ஃபீனிக்ஸ் நகரத்தின் மேல் நகர்ந்து வரும் காமிரா ஏதோ ஒரு ஜன்னலைத் தேர்ந்தெடுத்து, பாதி இறங்கிய தட்டிக்குக் கீழே நுழைந்துவிடுகிறது. திரையில் ஊர், கிழமை, தேதி, மணி: வெள்ளிக்கிழமை, டிசம்பர் 11, பிற்பகல் 2.43. வவுச்சரில் எழுதுகிற மாதிரி ஒரு துல்லியம். வெள்ளிக்கிழமை பிற்பகல் என்பதன் அர்த்தம் பாங்க்கில் வேலை செய்கிறவனுக்கு உடனே உறைக்கும்: ரொக்கம் காணோம் என்று திங்கட்கிழமை வரை யாருக்கும் தெரியாது. நாற்பதாயிரம் டாலர் அதற்குப் பிறகுதான் கதைக்குள் வருகிறது. படம் ஆரம்பித்த பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் தியேட்டர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆரம்பத்தைக் காப்பாற்ற வாசலில் ஆள் நிறுத்த வேண்டியிருந்தது.

இரண்டாவது ஜன்னல் சத்யஜித் ரேயின் 'சாருலதா' (1964). தாகூரின் கதை, கல்கத்தா, 1879. டைட்டில் ஓடும்போது வளையத்தில் இழுத்துக் கட்டிய கைக்குட்டையில் ஒரு பெண்ணின் விரல்கள் பி என்ற எழுத்தைப் பூத்தையல் போடுகின்றன. முடிந்ததும் மணி அடிக்கிறது. கணவனுக்கு டீ கொண்டுபோகச் சொல்லி வேலைக்காரனைக் கூப்பிடுகிறாள். புத்தகத்தைத் திறக்கிறாள், மூடுகிறாள். பீரோவில் வேறு புத்தகம் தேடுகிறாள், பங்கிம் பெயரை ராகமாக முணுமுணுக்கிறாள். தெருவில் குரங்காட்டியின் உடுக்கை. லார்நெட் என்கிற கைப்பிடி வைத்த கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடுகிறாள்; மரச்சட்டங்களைத் திருப்பி, போகிற பல்லக்கையும் குடை பிடித்த குண்டு மனிதரையும் ஒரு ஜன்னலிலிருந்து அடுத்த ஜன்னல்வரை பின்தொடர்கிறாள். ஏறக்குறைய ஏழு நிமிஷம், பேச்சு இரண்டொரு வார்த்தை.

ஹிட்ச்காக்கின் மனிதனுக்கு மாவுக்கட்டு, இவளுக்கு வீடு. அவன் தூங்கும்போது நாம் பார்த்தோம். இங்கே அவள்தான் பார்க்கிறாள், அவள் கண்ணாடி எடுக்கும்வரை நமக்குத் தெருவே கிடையாது. சுப்ரத மித்ராவின் காமிரா அவளுக்கு ஒரு அடி பின்னாலேயே போகிறது, முந்துவதில்லை. அவள் தனிமையில் இருக்கிறாள் என்று யாரும் சொல்லவில்லை. அவளோடு சேர்ந்து நமக்கும் பொழுது போக மாட்டேன் என்கிறது, குடைக்காரர் மூலையில் திரும்பி மறையும்போது நமக்கே ஒரு நஷ்டம்.

பிறகு பூட்ஸ் சத்தம். கணவன் பூபதி மேலே வருகிறான், அறைக்குள் போய் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அதைப் படித்தபடியே, அவளைக் கடந்து போகிறான். அவள் நிற்பது அவன் கண்ணில் படவில்லை. நல்லவன்தான், பத்திரிகை நடத்துகிறான், தேசத்தைப் பற்றிக் கவலைப்படுகிறான். சாரு அதே கண்ணாடியை உயர்த்தி அவன் முதுகைப் பார்க்கிறாள், சற்று முன்பு குடைக்காரரைப் பார்த்த மாதிரி. ஒரு கணம் அவன் பக்கத்தில் இருக்கிறான். படியிறங்கி மறைகிறான். கை தாழ்கிறது, காமிரா சட்டென்று பின்னுக்குப் போகிறது. இந்த ஒரு அசைவை மட்டும் ரே அவளிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்.

பிற்பாடு அந்தக் கைக்குட்டை பூபதிக்குக் கிடைக்கிறது. சந்தோஷப்படுகிறான், எப்போது தைத்தாய், உனக்கு இதற்கெல்லாம் நேரம் எப்படிக் கிடைக்கிறது என்று கேட்கிறான். அந்த நேரத்தை நாம் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்.